சக்கரம் வைத்த ஜெனரேட்டரைப் பேலட்டில் மலையிறக்க

சக்கரம் உருளாமல் கட்டை போட்டும், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஜெனரேட்டர் பேலட்டின் (அடியில் வைக்கும் சரக்குத் தட்டின்) ஓரத்துக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். கட்டை மட்டும் போதாது சார். காற்றடைத்த டயர் ஒவ்வொரு குழியிலும் அமுங்கி எழும். அந்த நொடியில் ஜெனரேட்டரைக் கட்டிய பெல்ட் தொய்யும், அடுத்த வளைவில் ஜெனரேட்டர் நகரும். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே நாலு மூலையிலும் கனமான மரக்கட்டை கொடுங்கள். டயரில் பாரமே இறங்கக் கூடாது. ரேட்செட் பெல்ட்டை (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டையை) அடிச்சட்டத்தில் குறுக்காகக் கட்டுங்கள், கைப்பிடியில் வேண்டாம். பேலட்டையும் லாரியோடு சேர்த்துக் கட்டணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் சில வளைவு தாண்டியதும் நிறுத்தி, பெல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஐப்பசி மழையில் ஷெட்டில் வைத்தால் தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடாதீர்கள். உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும்.