“பனி கொட்டுது, டாக்டர்!”: தளி பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: எங்களுக்குத் தளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரை ஏக்கரில் சாமந்தி போட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் தினமும் விடியற்காலை நாலரை மணிக்குப் பூ மூட்டையை பைக்கில் கட்டிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்குப் போகிறார். மார்கழி பிறந்ததிலிருந்து எதிரில் வருகிற வண்டியே தெரியவில்லை என்கிறார். வீட்டில் ஒரு நாட்டு நாய், ஒரு கறவை மாடு, இருபது நாள் கன்று, ஆறு ஆடுகள் இருக்கின்றன. ஒரு ஆடு சினை, தை முதல் வாரம் குட்டி போடும். போன வாரம் பக்கத்து வீட்டில் ராத்திரி பிறந்த இரண்டு குட்டிகளும் விடிவதற்குள் செத்துவிட்டன. நாயை வீட்டுக்குள் விட மாமியார் சம்மதிக்க மாட்டார். பொங்கலுக்கு மகள் சேலத்திலிருந்து காரில் வருகிறாள், கூடவே அவளுடைய பக் நாயும் வருகிறது. இந்தக் கடும் பனிப்பொழிவில் எதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை எட்டிப் பார்த்த என் பேரன், “தளியில ஸ்னோ விழுதா தாத்தா?” என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. காஷ்மீரில் கொட்டுவதும் நமக்குப் பனிதான், புல்நுனியில் நிற்பதும் பனிதான், சூளகிரி ரோட்டை மறைப்பதும் பனிதான். பேப்பரிலும் ‘ஓசூரில் கடும் பனிப்பொழிவு’ என்றுதான் போடுகிறார்கள். ஆனால் செல்போனில் தேடி, நாய்க்கு ஷூ மாட்டு, வாசலில் உப்புத் தூவு என்கிற யோசனைகளைப் பின்பற்றிவிடாதீர்கள். அதெல்லாம் தரை உறைந்துபோகிற ஊருக்கு. நம் ஊரில் கடுங்குளிர் நாளில்கூட விடியற்காலை 12, 13 டிகிரி அளவில்தான் இருக்கும். நன்றாகத் தின்று வளர்ந்த மாட்டுக்கு இது ஒரு குளிரே இல்லை. நம்மிடம் கால்நடையைச் சாய்ப்பது ஈரம். நனைந்த உடம்பும் வாடைக்காற்றும் காலி வயிறும் ஒன்றாகச் சேர்ந்தால், 15 டிகிரியிலேயே ஒரு குட்டி போய்விடும்.

சினை ஆட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் குட்டிகள் பனியில் செத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் 30 வருடமாக இந்த மாவட்டத்தில் விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய குட்டிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் கிடந்தன. முடி ஈரம் காயாமல் ஒட்டியிருக்கும். வயிறு ஒட்டிப் போயிருக்கும். பிறந்ததும் துடைக்க ஆளில்லை, தாய் ஒன்றை நக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று தனியாகக் கிடந்திருக்கும், சீம்பால் ஒரு சொட்டு உள்ளே போயிருக்காது. பனி பாதி வேலைதான் செய்திருக்கும்.

மடி இறுகி, வாலுக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டால், அன்றிலிருந்து ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பாருங்கள். குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் வழித்துவிட்டு, பழைய பருத்திச் சேலையால் முடி நிமிரும் வரை தேய்த்துத் துடையுங்கள். தாயும் நக்கட்டும், தடுக்க வேண்டாம். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின். பிறகு தாயின் இரண்டு காம்பையும் ஒருமுறை பீச்சி அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குட்டியைக் குடிக்க வையுங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் தடவை 100 மில்லி போதும். ஒரு நாளில் நான்கைந்து தடவையாக 400 மில்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் கதகதப்பாக இருந்து விரலைச் சப்பினால் கவலை வேண்டாம். வாய் ஜில்லென்று இருந்து, சப்பவும் இல்லை என்றால் ஆபத்து. அப்போது ‘பாவம், பசி’ என்று சங்கில் பால் புகட்டிவிடாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குப் போய்விடும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை இரண்டு பக்கமும் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று அடி உயரத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 102 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டும். 99-க்குக் கீழே என்றால் குட்டி குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். சூடு ஏறி, சப்பத் தொடங்கிய பிறகுதான் பால்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குட்டி பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, பாலும் குடிக்காமல் குளிர்ந்து கிடந்தால், ரத்தத்தில் சர்க்கரை காலியாகியிருக்கும். அந்த நிலையில் வெறுமனே சூடு காட்டினால் வலிப்பு வந்து செத்துவிடும். அதற்கு முதலில் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும், அதை டாக்டர்தான் போட முடியும். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எண்ணைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அவசரத்தில் போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் அந்த ‘ஒரு மூடி பிராந்தி’ வைத்தியம். நம் பக்கம் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். சாராயம் உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து, தொட்டால் சூடாகத்தான் தெரியும். ஆனால் உள்ளுக்குள் மிச்சமிருந்த சூடும் அந்த வழியாக வெளியே போய்விடும். குட்டிக்கும் வேண்டாம், நாய்க்குட்டிக்கும் வேண்டாம். பெரியவருக்கு வேண்டுமானால் அது அவர் பாடு.

கொட்டகையைப் பொறுத்தவரை எல்லோரும் செய்கிற தப்பு, தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுவது. உள்ளே மூத்திர நெடி ஏறி, மூச்சின் ஈரம் கூரையில் சொட்டி, பத்தே நாளில் எல்லாம் இருமும். வாடை வருகிற வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் ஆட்டின் தலை உயரம் வரை மறையுங்கள், கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். தரையில் வைக்கோலோ கேழ்வரகுத் தாளோ பரப்புங்கள். முழங்கால் ஊன்றி ஒரு நிமிடம் நில்லுங்கள், வேட்டியோ சேலையோ நனைந்தால் தாளை மாற்ற வேண்டும். கன்றுக்குச் சாக்கைக் கழுத்திலும் வயிற்றிலும் கட்டிவிடலாம், ஆனால் காலையில் அவிழ்த்து வெயிலில் போடுங்கள். ராத்திரி முழுக்க ஈரம் குடித்த சாக்கு, மறுநாள் இல்லாததைவிட மோசம். இந்த மாதங்களில் கன்றுக்குப் பால் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். பொங்கலுக்குப் பால் நன்றாக விற்கிறது என்று அதன் பங்கில் கை வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குச் சாயங்காலம் காய்ந்த சோளத்தட்டு நிறையப் போடுங்கள். அதை ராத்திரி முழுக்க அசைபோட்டுச் செரிக்கும்போதே உடம்பில் சூடு பிறக்கும்.

ஆடுகளைப் பனி உலர்ந்த பிறகு ஓட்டுங்கள். ஆட்டு மந்தை மேய்க்கிற நம் கீதாரிகள் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். குடற்புழுவின் இளம்புழுக்கள் பனி ஈரத்தில்தான் புல்நுனிக்கு ஏறி நிற்கும். ஒன்பது, பத்து மணிக்குப் புல் காய்ந்ததும் அடிக்கு இறங்கிவிடும்.

நாய் விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. வளர்ந்த, திடமான நாட்டு நாய்க்கு வீட்டுக்குள் இடம் தேவையில்லை. அதைச் சங்கிலியில் சிமெண்ட் தரையில் கட்டிப்போடாமல் இருந்தால் சரி. பழைய மரப்பெட்டியோ காய்கறி கிரேட்டோ கவிழ்த்து, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, வாசலைத் தெற்குப் பார்த்து வையுங்கள். பெட்டி பெரிதாக இருக்க வேண்டாம், சுருண்டு படுத்தால் அதன் சூடே அதை நிரப்பும் அளவு போதும். உள்ளே வைக்கோல் நல்லது, ஈரமானாலும் சீக்கிரம் உலரும். கிழநாயாக இருந்தாலோ, குட்டிகள் போட்டிருந்தாலோ மாமியாரிடம் நான் பேசுகிறேன், அது உள்ளேதான் இருக்க வேண்டும். நாய் நடுங்குவது பயப்படுகிற விஷயமில்லை, அது சூடு உண்டாக்குகிற வேலை. நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து கிடந்தால்தான் ஆபத்து. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷமே.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் மனிதரையும் கொன்றிருக்கிறது, கூடப் படுத்த நாயையும் கொன்றிருக்கிறது. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

இனி ரோடு. இது என் துறை இல்லை. ஆனால் இந்த மாதங்களில் நான் தையல் போட்ட நாய், மாடுகளில் பாதிக்கு மேல் விடியற்காலை அடிபட்டவை, அந்த அளவுக்கு எனக்கும் அனுபவம் உண்டு. குளிரில் தெருநாய்கள் சூடு தேடி டீக்கடைச் சாம்பலிலும் தார் ரோட்டு ஓரத்திலும் வந்து படுக்கும். பால் சொசைட்டிக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களும் அதே நேரம்தான் ரோட்டில் இருப்பார்கள்.

வெளுத்துவிட்டால் பனி விலகிவிடும் என்று நினைத்து ஆறு மணிக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் சூரியன் எழுகிற நேரத்தை ஒட்டித்தான் பனி மிகவும் அடர்த்தியாக இருக்கும். தரை சூடேறி அது கரைய எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஏரி, தோட்டம், பள்ளம் இருக்கிற இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கும். அரை கிலோமீட்டர் தெளிவாக வந்துவிட்டு, திடீரென்று சுவருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

பூ மார்க்கெட்டுக்கு ஒன்பது மணிக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நேரத்தில் யார் விலை கொடுப்பார்கள்? அதனால் வீட்டுக்காரர் புறப்படும் முன் நீங்கள் பைக்குக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் பூ மூட்டை பின் விளக்கை முழுசாக மறைத்துக்கொண்டிருக்கும், பால் கேன் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். மூட்டையை உயர்த்திக் கட்டுங்கள். வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கிற சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டி மூட்டைக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். அதில் மிச்சத் துண்டை நாயின் கழுத்துப் பட்டையிலும் சுற்றிவிடலாம். காவி, கறுப்புச் சால்வை வேண்டாம், வெள்ளையோ மஞ்சளோ போர்த்திக்கொள்ளட்டும். ஹெட்லைட்டை டிம்மில் வைக்க வேண்டும், பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். கண்ணுக்கு 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் பிரேக் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 20-ஐத் தாண்டக் கூடாது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவதும் வேண்டாம். அந்த லாரிக்காரருக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

உங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. ராகி முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்துவிடும், பனிக்காலம் முழுக்க இங்கேதான் சுற்றும். பனியில் யானை ஒரு பாறை மாதிரிகூடத் தெரியாது. காட்டோர ரோட்டில் இரண்டு மூன்று வண்டிகளாகச் சேர்ந்து போகச் சொல்லுங்கள். விடியும் முன் நாயோடு வயலுக்குப் போகவே போகாதீர்கள். நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பயந்து ஓடி வருவது உங்கள் காலடிக்குத்தான்.

மகள் விஷயம் சுலபம். சேலத்தில் நாலு மணிக்குக் கிளம்பினால், பனி உச்சத்தில் இருக்கும்போது கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாள். ஏழு மணிக்குக் கிளம்பச் சொல்லுங்கள், கிருஷ்ணகிரி வரும்போது வெயில் வந்திருக்கும். திரும்பும்போதும் பகலிலேயே தொப்பூர் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் அது இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற லாரிகளால் பனியே இல்லாத நாளிலும் அங்கே விபத்து நடக்கிறது. வழியில் பனி சூழ்ந்தால் ரோட்டோரம் நிறுத்தாமல், பெட்ரோல் பங்க் பார்த்து உள்ளே ஒதுங்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கண்ணாடி உள்பக்கம் மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏசியைப் போட்டு காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

பக் நாய்க்குக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு போட்டு முடிக்கட்டும். கார்க் கதவைத் திறக்கும் முன் கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும், பனியில் இறங்கி ஓடிவிட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திசையே தெரியாது. முடி குட்டையான, மூக்கு சப்பையான அந்த நாய் உங்கள் திண்ணையில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது, வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும். மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், இது பட்டணத்து நாய் என்றால் ஒருவேளை ஒத்துக்கொள்வார். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். அதனால் பெட்டியையும் சாக்கையும் பொங்கல் முடிந்ததும் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

மகள் ஊருக்குத் திரும்புகிற காலையில், வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள். முந்தின ராத்திரி சூடு ஆறாத இன்ஜினுக்குள் ஊர்ப் பூனை ஏதாவது படுத்திருக்கும்.