பொணத்தோட இருந்தா பொண்ணு மனசு மரத்துப் போயிடுமா?

கேள்வி: என் பொண்ணு எம்பிபிஎஸ் முடிச்சிட்டு எம்டி ஃபாரன்சிக் மெடிசின்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பொணம் அறுக்குற டாக்டரை யாரு கட்டிக்குவான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. எனக்கு அதவிட, தினமும் சாவையே பாத்துப் பாத்து அவ மனசு மரத்துப் போயிடுமோன்னு பயம்.
- ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: கட்டிக்கிறவன் கட்டிக்குவான் விடுங்கம்மா, என்னையும் ஒருத்தர் கட்டிக்கிட்டாரு. ரெண்டாவது பயத்துக்கு வருவோம்.

மார்ச்சுவரில நாங்க சாவை மட்டும்தான் பாக்குறோம்னு வெளிய நினைக்கிறாங்க. ஆனா அந்த உடம்பு, ஆள் எப்படி வாழ்ந்தார்ங்கறதையும் சேத்துத்தான் சொல்லும். பைக் மோதி இறந்துபோன ஒரு பெரியவர்னு வைங்க, தலையில அடி, காரணம் அதோட முடிஞ்சுது, ஆனா இதயத்தை அறுத்துப் பாத்தா சிவப்புத் தசைக்கு நடுவுல வெள்ளையா ஒரு தழும்பு, கத்தி படும்போதே கெட்டியா தெரியும், என்னைக்கோ ஒரு ஹார்ட் அட்டாக் வந்து போயிருக்கு. வெளிய நிக்கிற மகனைக் கேட்டா "தலைவலின்னு கூட படுத்ததில்ல மேடம், ஒரு தடவை கேஸ் ட்ரபிள்னு சோடா குடிச்சாரு"ம்பான். அடைச்சுப்போன குழாயச் சுத்தி சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா வழி பண்ணிக்கிட்டு, மனுஷன் அதுக்கப்புறமும் வயலுக்குப் போயிருக்காரு, பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அலைஞ்சிருக்காரு. உடம்பு பொழைக்கறதுக்கு இவ்ளோ பிடிவாதம் பிடிக்கும்னு எனக்கு எந்த வார்டுலயும் தெரியல, இங்கதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு கசப்பு. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு சந்தேகமா இறந்தா ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு, போஸ்ட்மார்ட்டமும் உண்டு. சில கேஸ்ல விலா எலும்பு ஒண்ணு எப்பவோ உடைஞ்சு கூடி முண்டு தட்டியிருக்கும், பக்கத்துல இன்னொண்ணு இப்பதான் கூட ஆரம்பிச்சிருக்கும். ஒரே தடவை விழுந்திருந்தா ரெண்டும் ஒரே பக்குவத்துலதானே இருக்கணும்? 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா'ங்கற கதை அங்கயே நிக்காது. உயிரோட இருந்தப்ப யாருமே கேக்காததை அப்பவாவது ஒருத்தர் எழுதி, கோர்ட்ல கூண்டேறி, வக்கீல் குடைஞ்சாலும் அசையாம சொல்லணும். அத உங்க பொண்ணு பண்ணட்டுமே, மரத்துப்போன மனசு இதுக்கு ஆகாதும்மா.

போக, உயிரோட இருக்கறவங்களும் எங்ககிட்ட நிறைய வருவாங்க. அடிதடி காய சர்டிஃபிகேட், வயசு நிர்ணயம், போக்சோ கேஸ் பிள்ளைங்க.

கஷ்டமே இல்லன்னு சொல்லமாட்டேன். சின்னக் குழந்தை கேஸ் வந்த அன்னைக்கு சோறு இறங்காது, நாங்களும் வீட்ல அத பேசமாட்டோம். அன்னைக்கு "என்னாச்சு"ன்னு நோண்டாதீங்க, அவளா வாயத் திறந்தா கேளுங்க, "அப்பவே சொன்னேன்ல"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

நீங்க பயப்படவேண்டியது பேய்க்கு இல்ல, டிபிக்கு. சேர்றதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி ஊசி முழுசா போட்டாளா, அந்த காலேஜ் மார்ச்சுவரில காத்தோட்டம் இருக்கா, என்95 மாஸ்க் குடுக்குறாங்களான்னு விசாரிக்கச் சொல்லுங்க. அப்புறம், குளிச்சிட்டு உள்ள வான்னு வாசல்ல நிறுத்தி வைக்காதீங்க, அவ அங்கயே குளிச்சிட்டுத்தான் கிளம்பியிருப்பா.