கேத வீட்டில் அழுவதெல்லாம் நடிப்பா?

"தெருமுனை வரை சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர்கள் பந்தலைப் பார்த்ததும் மாரடித்து அழுகிறார்கள். இது நடிப்புதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சமூகவியல் படிக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். கேதத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் வேனை விட்டு இறங்கியதும் கொண்டையை அவிழ்த்துவிடுவார்கள். உள்ளே வட்டமாக இருப்பவர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி. பத்து நிமிடம் ஆனதும் மூக்கைச் சிந்திவிட்டு, "எப்ப எடுக்காங்க, மூணு மணி பஸ்ஸப் பிடிச்சிரலாமா மதினி?" என்பார்கள்.

எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1912இல் எழுதிய நூலில் இதையே கவனித்திருக்கிறார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே சாவு விழுந்தால் உடம்பைக் கீறிக்கொண்டு அழுவார்கள். நடுவில் யாராவது வேறு பேச்சு எடுத்தால் முகம் சட்டென்று மாறிவிடும். (அவர் அங்கே போனதில்லை. ஸ்பென்சர், கில்லன் போன்ற ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எழுதியதைப் படித்துத்தான் சொன்னார்.) அதைப் போலி என்று அவர் தள்ளவில்லை. துக்கம் காப்பது கூட்டம் நமக்கு விதிக்கும் கடமை என்றார். ஒருவர் போனதில் கூட்டமே கொஞ்சம் குறைந்துபோகிறது. சேர்ந்து அழ அழத்தான் கூட்டத்துக்குத் தெம்பு திரும்புகிறது.

ஒன்றில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. அவர் சொல்லும் கூட்டம் ஒரே கூட்டமாக இருக்கிறது. எங்கள் ஊரில் யார் அழுவது, யார் பறையடிப்பது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. பறையடித்தவர்களுக்கு அது துக்கமும் இல்லை, விரும்பி ஏற்ற கடமையும் இல்லை.

துர்க்கைமின் மாணவர் ராபர்ட் ஹெர்ட்ஸ் 1907இல் போர்னியோ தீவின் தயாக் மக்களைப் பற்றி எழுதினார். அவர்கள் உடலை முதலில் தற்காலிகமாக ஓரிடத்தில் வைப்பார்கள். பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் கழித்து எலும்பை எடுத்து, ஊர்கூடி விருந்து வைத்து முடிப்பார்கள். அதுவரை ஆவியும் அலையும், வீட்டாரும் ஒதுங்கியே இருக்க வேண்டும். சாவு ஒரே நாளில் நடந்து முடிவதில்லை என்பது ஹெர்ட்ஸின் வாதம். நம் பதினாறாம் நாள் காரியத்தின் அர்த்தம் எனக்கு அதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

2020இல் கொரோனா சமயத்தில் பெரியப்பா இறந்தபோது இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. பக்கத்து வீட்டார்கூட வாசலில் நின்றே பார்த்தார்கள். ஒப்பாரி இல்லை, பதினாறும் இல்லை. பெரியம்மா அழவே இல்லை. வருஷம் திரும்புவதற்குள் அடுத்த தெருவில் ஒரு பாட்டி போய்ச் சேர்ந்தார். பெரியம்மாவை நான்தான் கூட்டிப்போனேன். உட்கார்ந்த உடனே, "ஏ ராசா, ஒனக்கு அழ ஆளில்லாமப் போச்சே" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. யார் சாவுக்கு இந்த அழுகை என்று ஒருவரும் கேட்கவில்லை. சுற்றி இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, அவரைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். அவர்களில் பாதிப் பேர் பெரியப்பாவைப் பார்த்ததுகூட இல்லை.