கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மெடல் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். கொடுத்த கணக்குகளை எல்லோருக்கும் முன்பே முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆசிரியை சொல்கிறார். மாதந்தோறும் முதல் மூன்று இடம் பெறுபவர்களுக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மெடல் அணிவிப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். இதை நிறுத்த வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு சாராரும், நிறுத்தினால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் ஊக்கம் போய்விடும் என்று மறுசாராரும் வாதாடினார்கள். நான் இரண்டாவது கட்சி. என் எண்ணம் தவறா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: மகள் மெடல் வாங்குவதைப் பார்த்து மகிழ்வதில் தவறென்ன இருக்கிறது, அம்மா? ஆனால் கூட்டத்தில் இரண்டு கட்சியாரும் மெடலைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். வகுப்பு நேரத்தில் அந்தப் பெண் ஏன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் மெடல். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். வரைந்தால் பளபளக்கும் முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாகச் சில குழந்தைகளிடம் முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்துப் பேனாக்களை மீண்டும் மேசையில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. ஆகவே, பரிசு என்றாலே கெடுதல் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிள்ளை தானாகவே விரும்பிச் செய்கிற வேலைக்கு ‘இதைச் செய்தால் இது’ என்று முன்கூட்டியே விலை பேசும்போதுதான் ஆசை கரைகிறது. மாதாமாதம் மூன்று மெடல் என்பது அப்படிப் பேசி முடித்த விலைதானே! அதை நிறுத்தச் சொன்னவர்கள் பக்கம்தான் என் வாக்கு.

ஆனால் மெடலை நிறுத்திவிட்டால் மட்டும் உங்கள் மகளுக்கு எதுவும் கிடைத்துவிடாது. முதலில் முடித்த பிள்ளைக்கு அதே மாதிரியான இன்னும் இருபது கணக்கைக் கொடுப்பது பல வகுப்புகளில் நடக்கிற காரியம். அது வேகமாக முடித்ததற்குத் தண்டனை. இரண்டாவது வாரமே பிள்ளை மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். பின்னக் கூட்டலை அவள் கரைத்துக் குடித்துவிட்டாள் என்றால், மிச்சப் பயிற்சியை விட்டுவிட்டு இப்படிக் கேட்கலாம்: தொகுதியில் 1 உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டி 1/6 வரவழைக்க எத்தனை வழி? 1/12 + 1/12 எல்லோருக்கும் தோன்றும். 1/8 + 1/24 சற்று யோசித்தால் வரும். 1/7 + 1/42, 1/9 + 1/18, 1/10 + 1/15 ஆகியவற்றையும் கண்டுபிடித்து, ஐந்துக்கு மேல் கிடையாது என்று அவள் சாதிக்கும்போது, 1/7க்கு ஏன் இரண்டே வழி என்று கேளுங்கள். ஒரு வாரம் ஓடிவிடும். செலவு ஒரு தாள். ஆசிரியையிடம் இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்: கூடுதல் வேலை வேண்டாம், தெரிந்த வேலைக்குப் பதிலாகக் கடினமான வேலை.

கேள்வி: என் மகன் கணக்கில் புலி, மற்ற பாடங்களில் சுமார்தான். பள்ளியில் எல்லாப் பரிசும் மொத்த மதிப்பெண்ணுக்கே போவதால் அவன் பெயர் எதிலும் வருவதில்லை. கணக்கைக் குறைத்துக்கொண்டு மற்றவற்றைப் படிக்கச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்வி கும்பகோணத்திலிருந்தா வர வேண்டும்! உங்கள் ஊர் டவுன் ஹைஸ்கூலில் படித்த இராமானுஜன் 1904இல் பள்ளியின் கணிதப் பரிசைப் பெற்றார். கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய அந்நாளைய எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. அவரை வளர்த்தது பரிசா என்றால், இல்லை. பள்ளிப் பருவத்தில் இரவலாகக் கைக்கு வந்த, ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அடங்கிய கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல்தான். உங்கள் மகன் மற்ற பாடங்களில் தேறியாக வேண்டும்; அதற்கு நாள்தோறும் கொஞ்சம் நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கணக்கு நேரத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பள்ளியில் ‘ஒலிம்பியாட்’ என்று பாடத்துக்கு ஒன்றாகக் கட்டணம் வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் எழுத வைக்கலாமா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பல தனியார் நிறுவனங்கள் வைத்துக்கொண்டிருக்கின்றன. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்குப் போகும் பாதையின் முதற்படி ஐ.ஓ.க்யூ.எம். என்ற தேர்வு, அதற்குப் பிந்தைய கட்டங்களை மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்துகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், ஐந்தாம் வகுப்பிலிருந்தே வகுப்புவாரியாக என்.எம்.டி.சி. என்ற போட்டியை நடத்துகிறது. சேர்க்கும் முன் பழைய வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். பாடநூல் வினாக்களே விடைத்தெரிவு வடிவில் இருந்தால் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளி மாணவி. என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் வென்று மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். ‘படிப்பதற்குக் காசு கொடுத்துப் பழக்குகிறார்கள்’ என்று உறவினர் சொல்வது மனதை உறுத்துகிறது.
– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: உறுத்தவே வேண்டாம். மெடலைப் பற்றி மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது. எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேர்வின் தொகை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேற்படாத பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மத்திய அரசு தருவது. பேருந்துக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் அந்தப் பணத்தில் வருகிறதென்றால் அது படிப்புக்கு ஆதாரம். அதை ஆசை காட்டுதல் என்று சொல்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் தொகை நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க நினைத்தால், உதவித்தொகை போய்விடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.