முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறார்கள், நம்பலாமா?

கேள்வி: நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளைக் கும்பகோணத்தில் கடை வைத்து விற்கிறோம். இரண்டு வருடமாக வெப்சைட் இருக்கிறது, ஆர்டர்தான் வருவதில்லை. ஒரு நிறுவனத்தார் போன் செய்து, மாதம் 15,000 ரூபாய் கட்டினால் 30 நாளில் கூகுளில் முதல் இடம், எழுதியே தருகிறோம் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். கூகுளில் முதல் இடத்தை எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. கூகுளே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலையை எஸ்.இ.ஓ. என்பார்கள்; அதைத் தொடங்கிப் பலன் தெரிய பெரும்பாலும் 4 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பதும் அங்கேயே இருக்கிறது. கூகுளில் விளம்பரம் கொடுப்பதால் சாதாரணத் தேடல் பட்டியலில் இடம் உயராது. இரண்டும் வேறு வேறு.

பிறகு எந்தத் துணிச்சலில் எழுதித் தருகிறார்கள்? பல நேரம் உங்கள் கடைப்பெயரையே தேடல் சொல்லாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லையென்றால் நீங்கள் முதலில் வருவது இயல்புதான், அதற்குக் காசு தேவையில்லை. சிலர் யாருமே தேடாத ஏழெட்டுச் சொல் நீளமுள்ள வாக்கியத்தைப் பிடிப்பார்கள். இன்னும் சிலர் அந்த மாதம் மட்டும் விளம்பரம் ஓட்டி, மேலே வந்த விளம்பரத்தைப் படம் பிடித்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுவார்கள். ஆகவே, 'எந்தச் சொல்லுக்கு முதல் இடம், அந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள்' என்று கேளுங்கள். கூகுள் ஆட்ஸ் கணக்கில் இருக்கும் கீவேர்ட் பிளானரில் இந்த எண்ணிக்கையை நீங்களே பார்க்கலாம். விளம்பரம் ஓடாத கணக்குக்கு 100 முதல் 1,000 வரை என்பதுபோல உத்தேசமாகத்தான் காட்டும். யாரும் தேடாத சொல்லை அடையாளம் காண அது போதும்.

உங்கள் போனில் தேடிப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரையும், முன்பு திறந்த பக்கங்களையும் பொறுத்து முடிவு மாறும். கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். இலவசம். எந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் 16 மாதக் கணக்காகக் கிடைக்கும். அதில் சராசரி இடம் 8-லிருந்து 20-க்குள் இருக்கும் சொற்களைத் தனியாக எடுத்துவையுங்கள். ஒரு சொல்லுக்கு 900 முறை காட்டப்பட்டு, 6 பேர் மட்டும் தொட்டு, இடம் 14 என்று இருந்தால் அந்தப் பக்கத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும். அறுபதாவது இடத்தில் கிடப்பதைத் தூக்குவதைவிட இது பல மடங்கு எளிது.

கை வைப்பது என்றால் என்ன? கடைத் தளங்களில் அதிகம் காணும் குறை, எல்லாப் பக்கத்துக்கும் டைட்டில் 'ஹோம்' என்றோ கடைப்பெயர் மட்டுமோ இருப்பது. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அந்த வரிதான். 'ஹோம்' என்பதை 'நாச்சியார்கோயில் அன்னக் குத்துவிளக்கு, பித்தளை, 3 அடி: எடை, விலை' என்று மாற்றினால், பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கும் புரியும், தேடுகிறவருக்கும் புரியும். ஒவ்வொரு வகை விளக்குக்கும் தனிப் பக்கம் போடுங்கள். உயரம் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிலோ, எத்தனை முகம், உச்சியில் அன்னமா வேறு வடிவமா, தண்டு திருகிக் கழற்றும் வகையா, வெளியூருக்கு எப்படிப் பார்சல் கட்டுகிறீர்கள் என்று வாட்ஸ்அப்பில் தினமும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகள்தான் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டிய எழுத்து. காசு கொடுத்து எழுதி வாங்கும் 'குத்துவிளக்கின் சிறப்புகள்' கட்டுரை அந்த வேலையைச் செய்யாது. அது ஏற்கெனவே ஆயிரம் தளத்தில் இருக்கிறது.

விலைப்பட்டியலைப் படமாகப் போடுவது இன்னொரு தவறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் எழுத்தாக நம்பியிருக்க முடியாது. விலையையும் எடையையும் தட்டச்சு செய்தே போடுங்கள். போனில் எடுத்த படத்தை 4, 5 எம்பி அளவில் அப்படியே ஏற்றினால் பக்கம் நகராது. வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வகைக்கு மாற்றி 200 கேபிக்குள் சுருக்குங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் உங்கள் பக்கம் எங்கே நிற்கிறது என்று தெரியும், அதில் மொபைல் கணக்கையே பாருங்கள். கூகுள் உங்கள் தளத்தை மொபைல் வடிவத்தை வைத்துத்தான் படிக்கிறது. ஆனால் வேகம் மட்டும் இடத்தை உயர்த்திவிடும் என்று யாராவது தனியாகப் பேக்கேஜ் விற்றால் வாங்க வேண்டாம். கேள்விக்குப் பதில் இல்லாத பக்கம் வேகமாகத் திறந்தும் பயனில்லை.

'மெட்டா கீவேர்ட்ஸ்', அதாவது பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள், என்று ஒரு வரி பில்லில் வந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

கேள்வி: கரூரில் பெட்ஷீட், டேபிள் விரிப்பு தயாரிக்கிறோம். வெப்சைட் செய்து கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடினால்கூட வரவில்லை. எஸ்.இ.ஓ. செய்தால்தான் வரும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார் செய்து கொடுத்தவர். உண்மையா?

பதில்: சொந்தப் பெயருக்கே எட்டு மாதம் வரவில்லை என்றால் தளம் கூகுளின் பட்டியலிலேயே ஏறவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அது எஸ்.இ.ஓ. வேலை ஆகாது. தளம் செய்தவர் முடித்துக் கொடுத்திருக்க வேண்டிய வேலை.

முதலில் கூகுளில் 'சைட்' (site) என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரி என்று அடியுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையென்றால் கதவு மூடியிருக்கலாம். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தைத் திறந்து கீழே பாருங்கள். 'டிஸ்கரேஜ் சர்ச் என்ஜின்ஸ்' என்று தொடங்கும் வரியில் டிக் இருக்கிறதா? தளம் கட்டும்போது பாதி வேலை வெளியே தெரியாமலிருக்க அந்த டிக்கைப் போடுவார்கள், திறப்பு நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அடுத்து, தளத்தில் எதைப் படிக்கலாம் என்று தேடல் இயந்திரங்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் (robots.txt) பாருங்கள். அதில் 'டிஸ்அலோ' என்பதற்கு எதிரே வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால் தளம் முழுவதையும் படிக்காதே என்று அர்த்தம்.

இரண்டும் சரியாக இருந்தால் சர்ச் கன்சோலில் மேலே உள்ள பெட்டியில் முகப்புப் பக்க முகவரியைக் கொடுங்கள். பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் என்ன காரணம் என்று அதுவே சொல்லும். குறையைச் சரிசெய்து, அங்கேயே பட்டியலில் சேர்க்க (இன்டெக்ஸ்) கோரிக்கை கொடுத்து, தளத்தின் பக்க முகவரிகளைத் தொகுத்து வைக்கும் சைட்மேப் கோப்பின் முகவரியையும் சேர்த்துவிடுங்கள். சில நாள் முதல் சில வாரம் வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: 3,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) தருகிறோம் என்று மெயில் வந்திருக்கிறது. விலை குறைவாகத்தானே இருக்கிறது, வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோதே, ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்க்கை ஒரு பரிந்துரையாக எண்ணும் முறை அதன் அடிப்படையாக இருந்தது. பரிந்துரைக்கு மதிப்பு என்றானதும் அதை விற்கும் சந்தையும் வந்தது. இடம் உயர்த்துவதற்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான ஜே.சி. பென்னிக்கு நூற்றுக்கணக்கான தொடர்பில்லாத தளங்களில் லிங்க் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. சாம்சொனைட் பெட்டிக்கான தேடல் ஒன்றில் முதல் இடத்திலிருந்த அந்தத் தளம் இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இப்படிப்பட்ட லிங்க்குகளைத் தானாகவே பிடிக்கும் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்தது. இன்று 500 லிங்க் வாங்கினால் பெரும்பாலும் கூகுள் அவற்றைக் கணக்கிலேயே எடுக்காது, 3,000 ரூபாய் வீண். அதைவிட மோசம், கூகுள் ஊழியரே பார்த்துத் தண்டனை போடுவது. அது வந்திருக்கிறதா என்று சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' பக்கத்தில் தெரியும். வந்திருந்தால் அந்த லிங்க்குகளை எடுக்கச் சொல்லி, முடியாதவற்றை, இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குக் கொடுக்கும் டிஸ்அவோ பட்டியலில் போட்டு, மறுபரிசீலனை கேட்க வேண்டும். வராதபோது டிஸ்அவோவைத் தொட வேண்டாம், நல்ல லிங்க்கும் சேர்ந்து போகும்.

நியாயமான லிங்க் உங்கள் வியாபாரத்திலேயே இருக்கிறது. நீங்கள் டீலராக இருக்கும் கம்பெனியின் டீலர் பட்டியல், வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பக்கம், கண்காட்சியில் கடை போட்டால் அதன் பங்கேற்பாளர் பட்டியல். இவற்றில் உங்கள் தள முகவரி இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். பத்து வந்தாலும் போதும்.

கேள்வி: கூகுள் மேப்பில் இருக்கும் எங்கள் மெஸ் பெயரைப் புதுப்பிக்க 4,999 ரூபாய் கட்ட வேண்டும், இல்லையென்றால் நீக்கிவிடுவோம் என்று போன் வருகிறது. கட்ட வேண்டுமா?

பதில்: கட்டாதீர்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்குக் கட்டணம் கிடையாது, புதுப்பிப்பும் கிடையாது. போனில் ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள், சொன்னால் கணக்கே கைமாறிவிடும். மேப்பில் இடத்தைத் தீர்மானிப்பவை பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகியவை. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. பொருத்தத்துக்கு முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், விடுமுறை நாள் நேரத்தைத் திருத்திவையுங்கள். 'மதுரை பெஸ்ட் நான்வெஜ்' என்று கடைப்பெயரோடு சொற்களை ஒட்டினால் கணக்கு முடக்கப்படலாம். ரிவ்யூ போட்டால் ஒரு ஆம்லெட் இலவசம் என்பதும் விதிமீறல். சாப்பிட்டவரிடம் வாயால் கேட்கலாம், தவறில்லை.

கேள்வி: ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். வேலை நடக்கவில்லை. விலகுகிறேன் என்றால் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) எங்கள் பெயரில் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் டொமைன். பணத்தைவிட அது முக்கியம். டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் (WHOIS) தேடலில் டொமைன் எந்தப் பதிவு நிறுவனத்தில் இருக்கிறது, என்று காலாவதியாகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டொமைன் வாங்கியதற்கான பில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன விவரம், பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படியோ, வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு தரும்படியோ தேதி குறித்து மெயிலில் கேளுங்கள். டாட் காம் போன்ற டொமைன்களைப் பதிந்த முதல் 60 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அதே நிறுவனத்துக்குள் உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

பணத்துக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். நுகர்வோர் கமிஷன் வரை போனால் ஒரு தடை உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் எழுப்பும், வழக்கறிஞரைக் கேட்டபின் இறங்குங்கள். வக்கீல் நோட்டீஸும் ஒப்பந்தத்தை மீறியதற்கான சிவில் வழக்கும் தனி வழி. அதற்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே எல்லாம்.

அடுத்து யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்), சர்ச் கன்சோல், மேப் கணக்கு நான்கையும் உங்கள் மெயிலில் உங்கள் கைபேசி எண்ணில் தொடங்குங்கள். அவர்களுக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள், உரிமையாளர் அனுமதி வேண்டாம். ஒப்பந்தத்தில் 'ரேங்க் உயர்த்தித் தருவோம்' என்ற வரியை எடுத்துவிட்டு, மாதம் எத்தனை பக்கம் எழுதுவார்கள், எந்தெந்தப் பக்கத்தின் டைட்டிலை மாற்றுவார்கள், எங்கெங்கே லிங்க் வைத்தார்கள் என்ற பட்டியல், எழுதியதெல்லாம் உங்கள் சொத்து, ஒரு மாத அறிவிப்பில் விலகலாம் என்று எழுதி வாங்குங்கள். பணம் மாதாமாதம், வேலையைப் பார்த்தபின். தளத்தைப் புதிதாக வடிவமைத்தால் பழைய பக்க முகவரிகள் ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு 301 முறையில் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் முறை) திருப்பிவிடுவது அவர்கள் பொறுப்பு என்பதையும் சேருங்கள். அதை விட்டுவிட்டால் பல வருடம் சேர்த்த இடம் போய்விடலாம். அந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்கக் கூடாது.