வல்லவன் வகுத்ததே வாய்க்காலா?

கேள்வி: எனக்கு 26 வயது. குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும்போது, மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 1954-ல் அமெரிக்கா நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி வாசித்தேன். அதிலிருந்து மனசே சரியில்லை. இன்றைய செய்திகளைப் பார்த்தாலும் அதே கதைதான். வல்லரசு நினைத்தால் எந்த அரசையும் கவிழ்க்கலாம் என்றால் தேர்தல், சட்டம், ஐ.நா. எல்லாம் எதற்கு? அப்பா, “வல்லவன் வகுத்ததே வாய்க்கால், நீ படிக்கிற வேலையைப் பார்” என்கிறார். நண்பர்களிடம் பேசினால் அமெரிக்கா பக்கம், ரஷ்யா பக்கம் என்று சண்டையில்தான் முடிகிறது. இதோடு எப்படிச் சமாதானம் ஆவது?
– வாசகர், கரூர்

பதில்: அன்புள்ள தம்பி, கோபப்படுவதில் தப்பே இல்லை. நீங்கள் படித்தது கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தேர்வுப் புத்தகத்தில் அது ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்த ஒரு வரிதான் உங்களை இப்படி முடக்கிப் போடுகிறது என்று நினைக்கிறேன்.

மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ஹகோபோ அர்பென்ஸ் 1952-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளில் தரிசாகப் போட்டு வைத்திருந்த நிலத்தை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் சட்டம். அவருடைய சொந்த நிலமும் அதில் போனது. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிதான் அந்த நாட்டிலேயே மிகப் பெரிய நிலச்சுவான்தார். எடுத்த நிலத்துக்கு அரசு கொடுக்க முன்வந்த ஈட்டுத்தொகை சுமார் 6.27 லட்சம் டாலர். அது யார் போட்ட விலை தெரியுமா? வரி கட்டும்போது கம்பெனியே தன் நிலத்துக்குக் காட்டியிருந்த மதிப்பு. நிலம் போகிறது என்றதும் அமெரிக்க வெளியுறவுத் துறை வந்து 1.58 கோடி டாலர் கேட்டது. அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், உளவு அமைப்பான சிஐஏவின் தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு இருந்த வக்கீல் நிறுவனம் இதே கம்பெனிக்கு வேலை பார்த்தது. கம்யூனிச பயமும் வாஷிங்டனில் நிஜமாகவே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

1954 ஜூன் 18-ம் தேதி, காஸ்டியோ அர்மாஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி சில நூறு பேரோடு ஹோண்டுராஸ் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தார். சண்டை போட்டு அவர் பெரிதாக எதையும் பிடிக்கவில்லை. வேலையைச் செய்தது ஒரு ரேடியோ. நாட்டுக்குள்ளே ஏதோ காட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் எல்லைக்கு வெளியே இருந்து சிஐஏ நடத்திய நிலையம் அது. பெரும்படை தலைநகரை நோக்கி வருகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, ஜனங்கள் நம்பினார்கள். ஜூன் 27-ம் தேதி அர்பென்ஸ் பதவி விலகினார்.

எதனால் விலகினார் என்பதுதான் முக்கியம். அவருடைய சொந்த ராணுவ அதிகாரிகளே சண்டை போட மறுத்துவிட்டார்கள். இந்தச் சின்னக் கும்பலை அடித்து விரட்டினால் அமெரிக்காவே நேரில் வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. நிலத்தை இழந்த உள்ளூர்ப் பண்ணையார்களுக்கோ அவர் எப்போது போவார் என்றிருந்தது. ஆக, வெளியிலிருந்து தள்ளியவன் ஒருவன், உள்ளே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவர்கள் வேறு சிலர். எல்லாவற்றையும் சிஐஏ தலையில் கட்டிவிட்டால் இவர்கள் தப்பித்துப் போய்விடுவார்கள். அதன்பின் 1960-லிருந்து 1996 வரை அங்கே உள்நாட்டுப் போர், கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 2 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் ‘மாயா’ என்ற பழங்குடி மக்கள். மனித உரிமை மீறல்களில் 93 சதவீதம் அரசுப் படைகளும் அவர்களோடு சேர்ந்த குழுக்களும் செய்தவை என்று ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-ல் சொன்னது. அதே வருஷம் அதிபர் கிளிண்டன் அங்கே போய், அந்தப் படைகளுக்கு அமெரிக்கா ஆதரவு கொடுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் உங்களை இன்னும் நோகடிக்கச் சொல்லவில்லை. உங்கள் மனசு 1954-லேயே நின்றுவிட்டது, குவாத்தமாலாக்காரர்கள் அங்கே நிற்கவில்லை என்று காட்டத்தான் சொல்கிறேன்.

2005-ல் குவாத்தமாலா நகரத்தில், ஒரு போலீஸ் வளாகத்தில் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கப் போன மனித உரிமை அலுவலர்கள் அறை அறையாகக் கட்டுக் கட்டாகப் பழைய காகிதங்களைக் கண்டார்கள். ஈரத்தில் ஊறி, எலியும் வௌவாலும் நாசம் பண்ணிய போலீஸ் கோப்புகள், ஏறக்குறைய 8 கோடிப் பக்கம். பல வருஷங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் தூரிகையால் தட்டித் துடைத்து, நகலெடுத்து அடுக்கினார்கள். எட்கார் ஃபெர்னாண்டோ கார்சியா என்ற தொழிற்சங்க இளைஞர் 1984-ல் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் போனவர். அந்தக் காகிதங்களை ஆதாரமாக வைத்து 2010-ல் இரண்டு முன்னாள் போலீஸ்காரர்களுக்கு 40 வருஷம் சிறை கிடைத்தது. கார்சியாவின் மனைவி நினெத் மோண்டெனெக்ரோ அதற்குள் தன்னைப் போல உறவுகளைத் தொலைத்தவர்களைச் சேர்த்து ஓர் அமைப்பு கட்டி, நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆகியிருந்தார். எனக்கு இந்த அம்மாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் தெம்பு வருகிறது.

இன்னொன்று. 2023 தேர்தலில் பெர்னார்டோ அரேவலோ ஜெயித்தார். அர்பென்ஸுக்கு முந்தைய அதிபர் ஹுவான் ஹோசே அரேவலோவின் மகன், குடும்பம் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் பிறந்தவர். அவரைப் பதவி ஏற்க விடாமல் தடுக்க அரசு வழக்கறிஞர் அலுவலகமே வேலை பார்த்தது. தொத்தோனிகபான் பகுதிப் பழங்குடித் தலைவர்கள் ஊரைத் திரட்டி வந்து சாலைகளை மறித்து, அந்த அலுவலக வாசலிலேயே நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2024 ஜனவரியில் அவர் பதவியேற்றார். இந்த முறை வாஷிங்டன் தேர்தல் முடிவின் பக்கம் நின்றது, அதையும் சொல்ல வேண்டும். வல்லரசின் கணக்கு மாறும், மறுபடியும் மாறலாம். வாசலில் உட்கார்ந்த ஜனங்கள் அதை நம்பி உட்காரவில்லை. வாய்க்கால் பழமொழிக்கு இதற்கு மேல் என்ன பதில் சொல்ல? அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், சண்டைக்கு அல்ல, அவருக்கும் பிடிக்கும்.

நண்பர்கள் விஷயம். பக்கம் பிரிந்து பேசும்போது சம்பந்தப்பட்ட நாட்டு ஜனங்கள் பேச்சிலேயே இருக்க மாட்டார்கள், அவர்களை வெறும் காயாக நகர்த்துவதை வல்லரசுகளைப் போல நாமும் செய்கிறோம். 1956-ல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது மாஸ்கோ சொன்னதும் வாஷிங்டன் 1954-ல் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அங்கே எதிரி புகுந்துவிட்டான், காப்பாற்றப் போகிறோம். அப்போது ஹங்கேரிப் பிரதமராக இருந்த இம்ரே நாகியை 1958-ல் தூக்கில் போட்டார்கள். ரஷ்யா பக்கம் பேசும் நண்பரிடம் குவாத்தமாலாவைச் சொன்னால் உடனே தலையாட்டுவார், ஹங்கேரியைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்கா பக்கம் பேசுபவரிடம் மாற்றிச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வருத்தப்படுகிற நண்பர் ஒருவர் கிடைத்தால் போதும், அவரோடு பேசுங்கள்.

அப்புறம், ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு எல்லா நாட்டுச் செய்தியையும் உருட்டுவதை விடுங்கள். ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குவாத்தமாலாவே இருக்கட்டும். அந்த ஊர் ஆட்களே எழுதியதை, பேசியதைத் தேடி, தேர்வுப் படிப்பு போக மிச்ச நேரத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் படியுங்கள். நினெத் மோண்டெனெக்ரோவின் பேட்டிகளிலிருந்து தொடங்கலாம்.