கேள்வி – பதில்: ஏரிக்கரை நகரம் சில்கெபோர்க்

டென்மார்க்கின் சதுப்பு நிலமொன்றில் கெடாமல் கிடைத்த, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் இறந்த ‘டோலுண்ட் மனிதர்’ பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குச் சில வரிகளில் விடையளித்து, அவருடைய உடல் இப்போது சில்கெபோர்க் என்னும் ஏரிக்கரை நகரில் இருக்கிறது என்று முடித்திருந்தேன். அந்த நகரைப் பற்றியே தொடர்ந்து கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சில்கெபோர்க் எங்கே இருக்கிறது? அத்தனை பழைய மனிதரின் உடல் இருக்கும் ஊர் என்றால், அதுவும் மிகத் தொன்மையான நகரமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையா?

பதில்: இயல்பாக எழும் எண்ணம்தான், ஆனால் உண்மை வேறு. டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தின் நடுவில், ஆர்ஹுஸ் நகருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் அமைந்துள்ள சில்கெபோர்க், அந்நாட்டின் இளைய நகரங்களுள் ஒன்று. இன்று ஏறத்தாழ 50,000 பேர் வாழும் இந்த இடத்தில், 1840 வாக்கில் இருந்தவை ஒரு பண்ணை மாளிகையும் அதைச் சார்ந்த சில கட்டடங்களும் காடும் தண்ணீரும் மட்டுமே. 1767-இல் எழுந்த அந்த மாளிகைதான் நகரின் மிகப் பழைய கட்டடம். டோலுண்ட் மனிதர் வைக்கப்பட்டிருக்கும் அருங்காட்சியகமும் அதிலேயே இயங்குகிறது.

நகரம் பிறந்தது ஒரு காகித ஆலையால். டென்மார்க்கின் மிக நீண்ட ஆறான கூதெனோ, இங்கே லாங்சோ என்ற ஏரிக்குள் நுழையும் இடத்தில், நீர் சற்று இறங்கி விழுகிறது. மலையில்லாத அந்த நாட்டில் எந்திரத்தைச் சுழற்றக்கூடிய நீர்வீழ்ச்சி அரிது என்பதால், சிறிய இறக்கத்துக்கும் பெரிய மதிப்பு இருந்தது. காகிதத் தொழிலையே பரம்பரையாகச் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த மிகேல் ட்ரெவ்சன், 1844-இல் இங்கே ஆலை கட்டத் தொடங்கினார். வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு, வீட்டைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றித் தெரு என்று ஊர் வளர்ந்தது. 1846-இல் அது வணிகத் தலமாக அறிவிக்கப்பட்டது. முழு நகர உரிமை 1900-இல்தான் கிடைத்தது. நகரின் நடுச் சதுக்கத்தில் இன்று சிலையாக நிற்பவரும் ட்ரெவ்சன்தான். படைத்தலைவர்களுக்கும் மன்னர்களுக்கும் சிலை வைத்த காலத்து ஐரோப்பாவில், காகிதம் செய்தவர் ஒருவர் ஊரின் நடுவில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: பெயரின் முதற்பகுதிக்குப் பட்டு என்று பொருள் என்கிறார்கள். அங்கே பட்டுத் தொழில் இருந்ததா?

பதில்: இல்லை. ‘சில்கே’ என்பது பட்டைக் குறிக்கும், ‘போர்க்’ என்பது கோட்டையைக் குறிக்கும் என்பது சரியே. கோட்டை கட்ட இடம் தேடி நீர்வழியே வந்த கிறித்தவ ஆயர் (பிஷப்) ஒருவரின் பட்டுத் தொப்பியைக் காற்று அடித்துச் சென்றதாகவும், அது எங்கே கரை ஒதுங்குகிறதோ அங்கேயே கோட்டை எழுப்புவேன் என்று அவர் சூளுரைத்ததாகவும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதை கதைதான், ஆனால் கோட்டை உண்மையானது. நடுக்காலத்தைச் சேர்ந்த அதன் அடித்தளங்களை லாங்சோ கரையில் இன்றும் காணலாம்.

கேள்வி: அந்த நகரின் அருகே ‘வான்மலை’ என்று ஒரு மலை உண்டு எனவும், அதன் உயரம் 147 மீட்டர்தான் எனவும் படித்தேன். இதை மலை என்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: ஹிம்மெல்பியர் என்ற அந்தப் பெயருக்கு வான்மலை என்பதே நேர்ப்பொருள். டென்மார்க் எவ்வளவு தட்டையான நாடு என்பதை மனத்தில் கொண்டால் பெயரின் நியாயம் விளங்கும். இன்று நாட்டின் மிக உயர்ந்த இயற்கைப் புள்ளியாகக் கொள்ளப்படும் மொல்லஹொய் மேடே 171 மீட்டரை எட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் முறையான நில அளவை நடக்கும் வரையில், நாட்டிலேயே உயரமானது வான்மலைதான் என்றே மக்கள் நம்பியிருந்தனர்.

அப்படி நம்பியதற்குக் காரணம் அதன் வடிவம். மலையின் ஒரு பக்கம் யூல் ஏரியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. எனவே படகிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது வானைத் தொடுவதாகவே தோன்றும். மறுபக்கம் போனால், நிலம் ஏறக்குறைய அதே மட்டத்தில் நீண்டு கிடப்பதைக் காணலாம். அதாவது, அது தனியே எழுந்து நிற்கும் மலையன்று. ஆழமாக வெட்டப்பட்ட பள்ளத்தாக்கின் விளிம்பு. அந்தப் பள்ளத்தாக்கை வெட்டியது பனிக்காலம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கிலும் கிழக்கிலும் இருந்து பரவிவந்த பெரும் பனிப்படலம் இப்பகுதிக்குச் சற்று மேற்கே வந்து நின்றுவிட்டது. பனியின் எடையால் அழுத்தப்பட்ட உருகுநீர், அதன் அடியிலேயே குகைபோல் வழி குடைந்து ஓடி, தரையில் நீண்ட அகழிகளை உண்டாக்கியது. அந்த அகழிகளில் தங்கிய நீரே இன்றைய ஏரித்தொடர். பனி நின்ற எல்லைக்கு மேற்கே, உருகுநீர் மணலைப் பரப்பிவிட்ட சமவெளி; கிழக்கே, குன்றும் காடும் ஏரியும். ஒரே நாட்டின் இரண்டு முகங்கள் சந்திக்கும் இடத்தில் சில்கெபோர்க் இருக்கிறது.

இந்த மலைக்கு அரசியல் வரலாறும் உண்டு. கவிஞரும் பாதிரியாருமான ஸ்டீன் ஸ்டீன்சன் ப்ளிக்கர் 1839 முதல் இங்கே பொதுமக்கள் கூட்டங்களை நடத்தினார். மன்னர் தனி ஆட்சி புரிந்த காலத்தில், உழவரும் நகரத்தாரும் ஒரு குன்றின் மேல் கூடி நாட்டு நடப்பைப் பேசியது சிறிய செயலன்று. 1849 ஜூன் 5 அன்று டென்மார்க்குக்கு அரசியலமைப்புச் சட்டம் கிடைத்தது. அதை வழங்கிய மன்னர் ஏழாம் ஃப்ரெடெரிக்கின் நினைவாக 1875-இல் உச்சியில் கட்டி முடிக்கப்பட்ட, 25 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் இன்றும் நிற்கிறது.

கேள்வி: டோலுண்ட் மனிதரின் முகம் தூங்குபவர் முகம்போல் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அது கெடாமல் இருந்தது எப்படி? அவர் யார்?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் மிகப் பலர் கேட்டிருக்கிறீர்கள், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1950 மே மாதத்தில், சில்கெபோர்க்குக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பியெல்ஸ்கௌ என்ற சதுப்புப் பள்ளத்தில், அடுப்பெரிக்கப் பயன்படும் பீட் என்னும் கரிமண்ணை வெட்டிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில், இரண்டரை மீட்டர் ஆழத்தில் ஒரு மனித முகம் பட்டது. இமை மயிரும் தாடையில் முளைத்திருந்த குறுமயிரும்கூடத் தெளிவாக இருந்ததால், அண்மையில் நடந்த கொலை என்று எண்ணிக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தனர். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் பி. வி. குளோப் வந்து பார்த்து, உடல் இரும்புக் காலத்தைச் சேர்ந்தது என்று உணர்ந்தார். பிற்காலக் கரிமக் கணிப்புகள் அவர் இறந்த காலத்தை கி.மு. 405-க்கும் 380-க்கும் இடைப்பட்டதாகக் காட்டுகின்றன. வயது முப்பதிலிருந்து நாற்பதுக்குள். தலையில் ஆட்டுத்தோல் தொப்பி, இடுப்பில் தோல் கச்சை, கழுத்தில் பின்னிய தோல் கயிறு. வேறு ஆடை எதுவும் இல்லை. அவர் தூக்கிலிடப்பட்டு இறந்தார்.

அழியாமைக்குக் காரணம் சதுப்பின் இயல்பு. அங்கே அடர்ந்து வளரும் ஸ்பாக்னம் என்ற பாசி, தண்ணீரை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. ஆழத்தில் உயிர்வளி ஏறக்குறைய இல்லை. அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் அங்கே பிழைக்க இயலாது. மேலும், பாசியிலிருந்து வெளிப்படும் பொருள்கள், தோல் பதனிடும் தொட்டியில் நடப்பதைப் போலவே மனிதத் தோலையும் பதனிட்டு, கருமையாக்கி உறுதிப்படுத்துகின்றன. இவையெல்லாம் வேலை செய்வதற்குள் உடல் உள்ளிருந்து அழுகாதிருக்க வேண்டுமென்றால், நீர் மிகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆகவே அவர் குளிர்காலத்திலோ இளவேனிலின் தொடக்கத்திலோ அங்கே இடப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

குடலில் எஞ்சியிருந்த கடைசி உணவு வாற்கோதுமையும் ஆளிவிதையும் காட்டுச்செடிகளின் விதைகளும் கலந்த கஞ்சி என்பது முதல் ஆய்விலேயே தெரிந்தது. 2021-இல் வெளியான மறு ஆய்வு, அவர் மீனும் உண்டிருந்தார் என்று சேர்த்தது. அவர் குற்றவாளியா, பலிகொடுக்கப்பட்டவரா? கண்களையும் வாயையும் மூடி, உறங்குபவரைப் போல் கால்களை மடக்கி ஒருக்களித்துக் கிடத்தியிருப்பதாலும், அக்காலத்தில் இறந்தவர்களை எரிப்பதே வழக்கம் என்பதாலும், இது தெய்வத்துக்கு அளித்த பலி என்பதே பெரும்பாலோரின் முடிவு. அதே சதுப்பில், மிக அருகிலேயே, 1938-இல் ஒரு பெண்ணின் உடலும் கிடைத்திருந்தது. எல்லிங் பெண் என்று அழைக்கப்படும் அவரும் தூக்கிலிடப்பட்டவரே, காலமும் ஏறக்குறைய அதுவே. அவருடைய முகம் நிலைக்கவில்லை. நீண்ட கூந்தல் பின்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் டோலுண்ட் மனிதரோடு திரும்பிவிடாமல் அந்தப் பின்னலின் முன்னும் சற்று நிற்க வேண்டும் என்பேன். இறப்பதற்கு முன் யாரோ ஒருவர், ஒருவேளை அவரே, பொறுமையாகப் பின்னிய பின்னல் அது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1950-இல் முழு உடலையும் காக்கும் முறை கைவசம் இல்லாததால் தலை மட்டுமே முழுமையாகப் பதப்படுத்தப்பட்டது. பாதங்களும் ஒரு கட்டைவிரலும் தனியே காக்கப்பட்டன. இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதில் தலை அவருடையது. உடல் பின்னாளில் செய்து சேர்த்தது.

கேள்வி: சாலையும் ரயிலும் வருமுன் அந்த ஆலையின் காகிதம் எப்படி வெளியே போயிற்று?

பதில்: ஆற்றின் வழியே. கூதெனோ வடகிழக்கே ராண்டர்ஸ் துறைமுகம் வரை ஓடுகிறது. தட்டையடிப் பெரும்படகுகள் காகிதத்தைக் கீழ்நோக்கி ஏற்றிச் சென்று, சரக்கோடு மேல்நோக்கித் திரும்பின. காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கரையிலிருந்து கயிறு கட்டி மனிதர்கள் இழுத்தார்கள், சில இடங்களில் குதிரைகள் இழுத்தன. இழுவைக்காரர்கள் நடந்து நடந்து உண்டான கரைப்பாதை இன்று நடைப்பயணிகளின் விருப்பமான வழியாகிவிட்டது. 1871-இல் ரயில் வந்தபோது படகுத் தொழில் தளரத் தொடங்கியது.

பயணிகளுக்கான போக்குவரத்து வேறு கதை. 1861 முதல், யைலன் என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் சில்கெபோர்க்கிலிருந்து வான்மலையின் அடிவாரம் வரை ஏரிகளின் ஊடே செல்கிறது. மன்னர் ஏழாம் ஃப்ரெடெரிக்கும் அதில் பயணம் செய்திருக்கிறார். கோடைப் பருவத்தில் இன்றும் அது ஓடுகிறது. நிலக்கரி அள்ளிப்போட்டு எரிக்கும் பழைய எந்திரத்தைப் பேணிக்காக்கப் பெரும் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை அவ்வூரார் விடாமல் செய்துவருகின்றனர்.

கேள்வி: அஸ்கர் யோர்ன் என்ற ஓவியருக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

பதில்: 1914-இல் பிறந்த யோர்ன், பதினைந்து வயதில் குடும்பத்தோடு சில்கெபோர்க் வந்தார். 1948-இல் பாரிஸில் தோன்றிய ‘கோப்ரா’ ஓவியர் குழுவை நிறுவியவர்களுள் ஒருவர். 1951-இல் காசநோயும் வறுமையும் வாட்ட, ஊர் திரும்பி இங்குள்ள மருத்துவ இல்லத்தில் நீண்ட நாள் கிடந்தார். பின்னர் உலகப் புகழ் வந்தபோது, தம் படைப்புகளையும் தாம் சேகரித்த பிற கலைஞர்களின் படைப்புகளையும் ஆயிரக்கணக்கில் இந்த ஊர் அருங்காட்சியகத்துக்கே வழங்கினார். பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தீட்டிய ‘ஸ்டாலின்கிராட்’ ஓவியமும் அவற்றுள் அடங்கும். 1964-இல் அமெரிக்காவின் குகன்ஹைம் பரிசை மறுத்தவர், தலைநகரையும் விட்டுவிட்டுத் தாம் வளர்ந்த சிற்றூருக்குத் தம் செல்வத்தைக் கொடுத்ததில் ஒரே மனம் தெரிகிறது. அவர் பெயரிலேயே இன்று அந்த அருங்காட்சியகம் விளங்குகிறது.

கேள்வி: ஆலை இன்னும் ஓடுகிறதா? இப்போது ஊர் மக்களின் வாழ்க்கை எப்படி?

பதில்: டென்மார்க்கின் பணத்தாள்களுக்கே காகிதம் செய்த ஆலை 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் கட்டடங்களை இடிக்காமல் விடுதி, இசையரங்கு, காகித அருங்காட்சியகம் என மாற்றிக்கொண்டனர். எந்திரத்தைச் சுழற்றிய தண்ணீர் இப்போது ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரியதாகிவிட்டது: கோடையில் குடும்பம் குடும்பமாகக் கூதெனோவில் கனூ படகு வலிப்பார்கள், அல்மிண்ட் ஏரியில் நீந்துவார்கள், ஜூன் மாதத்தில் ஜாஸ் விழா, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, விளக்கு அலங்காரப் படகுகளும் வாணவேடிக்கையுமாக நடக்கும் நெருப்பு விழா.

ஆனால் ஆற்றைப் பற்றிய ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. ஊருக்குக் கீழே, டங்கே என்ற இடத்தில், 1921-இல் நீர்மின் நிலையத்துக்காக அணை கட்டினார்கள். அதனால் உண்டான டங்கே ஏரிதான் டென்மார்க்கின் மிகப் பெரிய செயற்கை ஏரி. கடலிலிருந்து முட்டையிட மேலேறி வந்த கூதெனோ சால்மன் மீன்களுக்கு வழி அடைபட்டது. அடுத்த சில பத்தாண்டுகளிலேயே அந்த இனம் அற்றுப்போனது. அணையைச் சுற்றி ஆற்றுக்கு மீண்டும் வழிவிட வேண்டும் என்று மீன்வளத்தை நேசிப்பவர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். ஏரிக்கரையில் வீடு கட்டித் தலைமுறைகளாக வாழ்பவர்களும், மின் நிலையத்தை வரலாற்றுச் சின்னமாகக் கருதுபவர்களும், நூறாண்டு பழகிய நீர்ப்பரப்பை இழக்க மாட்டோம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், மீன்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆயினும் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அதைச் சொல்வது எளிதன்று.